வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

முழங்கை நீளத்துக்கு வெட்டிய ஒரு பிளாஸ்டிக் சதுரம். கண்ணாடிபோல் தெளிவான, சற்றுத் தடித்த தாள். அதன் நான்கு பக்கங்களும் சாம்பல் நிற ஒட்டுநாடாவால், காற்றுக்கூடப் புகாதபடி சிமெண்டுத் தரையோடு ஒட்டப்பட்டிருந்தன. தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் குடியிருப்புப் பகுதியான தாமானின் பொது மண்டபத்தில், ஒரு காலைப் பொழுதில் நாங்கள் மூவர் அந்தச் சதுரத்தைச் சுற்றிக் குனிந்து நின்றோம்: என் அண்ணி, மண்டபக் குழுவின் தலைவர், செயலாளரான நான். ஒட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. தாளின் உட்புறம் வியர்த்திருந்தது. சோற்றுப் பானையின் மூடியில் படிவது போன்ற பொடித் துளிகள். அண்ணி ஆள்காட்டி விரலால் மேலிருந்து மெல்லத் தட்டினார். இரண்டு துளிகள் ஒன்றாகி, கோடு கிழித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடின.

"போட முடியாது மாமா," என்றார் அண்ணி.

தலைவர் அவருக்கு மாமா முறை இல்லை. தாமானில் வயதில் மூத்த ஆண்கள் எல்லாருமே எங்களுக்கு மாமாதான். "ஏன்மா? தரை காஞ்சுதானே கெடக்கு. கைய வச்சுப் பாரு, தூசிதான் ஒட்டுது."

"மேல காஞ்சிருக்கு. உள்ள குடிச்சு வச்சிருக்கு."

"சிமெண்டு குடிக்குமா? நம்ம தாமான்ல குடிக்கிறவன் கணக்குல இப்ப தரையையும் சேத்துட்டியா?" என்று தலைவர் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். ஆனால் வாசலில் லோரியிலிருந்து இறக்கி அடுக்கியிருந்த பலகைப் பெட்டிகளில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

எது பணயத்தில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் குடியிருந்த தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் இந்தத் தாமானுக்கு வந்தபோது, தோட்டத்து அம்மனும் கூடவே வந்தாள். தனிக்கோயில் கட்ட நிலம் கிடைக்கவில்லை. மண்டபத்தின் கிழக்குச் சுவரோரம் ஒரு மேடை எழுப்பி அவளை அங்கே வைத்தார்கள். அதே மண்டபத்தில் வார நாள் காலைகளில் தமிழ்ப் பாலர் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் பாய் விரித்துச் சிமெண்டில் உட்கார்ந்தார்கள், பத்து மணிக்கு மேல் அதிலேயே படுத்து உறங்கினார்கள். பாய்களின் அடிப்புறம் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. இருமலோடு வீடு திரும்பிய பிள்ளைகளைப் பெற்றோர் ஒவ்வொருவராக நகரத்துப் பாலர் பள்ளிகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளிகளின் தரை தேன் நிறத்தில், வெறுங்காலுக்கு இதமாக இருக்கும் என்று ஒரு தாய் கூட்டத்தில் சொன்னதிலிருந்துதான் எங்கள் மண்டபத்துக்கும் மரத்தரை என்ற பேச்சு எழுந்தது.

அண்ணியின் கதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியது. அண்ணன் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்தார். முதுகு அடிபட்டு, எட்டு மாதம் படுக்கை. பிறகு கோலூன்றி நடந்து, கடைசியில் கோலில்லாமல் நடந்தார். ஆனால் உயரம் ஏறும் வேலைக்குத் திரும்பவே முடியவில்லை. அந்த எட்டு மாதத்தில்தான் அண்ணி தெங்கேராவில் தரைப்பலகை விற்கும் ஒரு சீனர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் மாதிரிப் பலகைகளைத் துடைத்து அடுக்கினார், பிறகு வாடிக்கையாளருக்கு அளந்து கொடுத்தார். பலகை பதிக்கும் ஆள் வராத ஒரு நாளில் கடை முதலாளியான தவுக்கே அவரையே வேலையிடத்துக்கு அனுப்பினார். அதன் பின் அனுப்பாத நாளே இல்லை. கயிறு பிடித்துப் பார்த்து மற்றவர்கள் கண்டுபிடிக்கும் கோணலை அண்ணி வெறும் கண்ணால் கண்டுபிடிப்பார் என்று தவுக்கேயே சொல்வாராம். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் அந்த வேலையை விட்டு, சொந்தப் பெயரில் தரை போடத் துணிந்தார். எங்கள் மண்டபம் அவருக்கு முதல் வேலை.

அவருக்கு அந்த வேலையைக் கொடுப்பதா என்று குழு முடிவெடுத்த மாலையில், அண்ணியை உள்ளே உட்காரவைத்துவிட்டு, நான் அறையை விட்டு வெளியே வந்து நின்றேன். செயலாளரின் அண்ணி என்ற காரணத்துக்காக அவருக்கு வேலை கிடைத்தது என்று யாரும் சொல்லக்கூடாது. அந்தக் காரணத்துக்காகவே கிடைக்காமல் போனது என்றும் இருக்கக்கூடாது. கதவுக்கு வெளியே நின்றபடி நான் கேட்டது தலைவரின் குரலை மட்டும்தான். "பொம்பள புள்ள, துணிஞ்சு வந்திருக்கு, குடுப்போம். ஆனா ஒண்ணும்மா. மூணு மாசத்துல பலகை தூக்கிக்கிச்சுன்னா, இந்த வட்டாரத்துல யாரும் ஒன்ன ஒரு கழிவறைக்குக்கூடத் தரை போடக் கூப்பிட மாட்டாங்க. தெரிஞ்சுக்க." அவர் மிரட்டவில்லை. எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்பதைத்தான் சொன்னார்.

வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. அண்ணனோடும் அண்ணியோடும் வாழ்ந்த என் அம்மாவுக்கு இந்தத் தொழில் துளியும் பிடிக்கவில்லை. "கடையில ஒக்காந்து யாவாரம் பாக்குறத விட்டுட்டு, ஊரான் வீட்டுத் தரையில முட்டி போட்டுக்கிட்டு சுத்தியலால தட்டுறா. எந்த வீட்டு மருமக இப்படி?" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். அண்ணி அதற்கு நேராகப் பதில் சொன்னதே இல்லை. முழங்கால் உறைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடும்போது, "அத்தை, இந்த ரெண்டையும் பாத்தா எனக்கே யானைக்கால் மாதிரி இருக்கு," என்று மட்டும் சொல்வார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

நாங்கள் பேச்சில் மரத்தரை என்றோமே தவிர, அந்தப் பலகை முழு மரம் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை, அதன் மேல் மரத்தின் முகம். தண்ணீர் அதற்குள் புகுந்தால் உப்பிவிடும். உப்பியது திரும்பச் சுருங்காது, பக்கத்துப் பலகையையும் தள்ளிக்கொண்டு எழும்பும். சிமெண்டுக்கும் பலகைக்கும் நடுவே பிளாஸ்டிக் விரிப்பும் அதன் மேல் ஸ்பாஞ்சு விரிப்பும் போடுவது வழக்கம். தரை மூச்சு விடும் அளவு ஈரத்தை அது தாங்கும். உள்ளே தேங்கி நிற்கும் ஈரத்தைத் தாங்காது, அடைபட்ட ஈரம் ஓரம் தேடிப் போய் அங்கே பலகையைப் பிடித்துக்கொள்ளும் என்று அண்ணி குழுவுக்கு விளக்கினார். அந்தத் தரைக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் சேர்ந்து, மேடையிலிருந்து வாசல் வரை மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தள்ளிக் கழுவினார்கள். மண்டபம் கட்டிய நாளிலிருந்து ஒரு வெள்ளி தவறியதில்லை. சாமி இருக்கும் இடத்தை ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிட்டுப் போவது எங்கள் பெண்களுக்குக் கழுவியதாகவே கணக்கில்லை.

ஆகவே கழுவுவதை நிறுத்திவைத்தோம். அறிவிப்புப் பலகையில் எழுதினேன், தாமானின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், அம்மாவிடம் நேரிலும் சொன்னேன். மண்டபச் சாவி அவரிடம்தான் இருந்தது. வெள்ளிதோறும் விடியலில் விளக்கேற்றுவது அவர் பொறுப்பு. "அந்த பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கிறேன், நீ போ," என்றார். அந்த வாக்கியத்தை நான் அன்றே ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எதையும் எடைபோட்டுப் பார்ப்பவள் என்று பெயர் எடுத்த நான் அதை மட்டும் எடைபோடவில்லை.

மண்டபத்தின் கதவுகளும் சன்னல்களும் பகல் முழுவதும் திறந்து கிடந்தன. விசிறிகள் சுழன்றன. பலகைப் பெட்டிகளை அண்ணி மண்டபத்துக்குள்ளேயே, ஈரம் படாத மரச்சட்டங்களின் மேல் படுக்க வைத்தார். அந்த இடத்துச் சூட்டுக்கும் காற்றுக்கும் அவை பழக வேண்டும் என்றார்.

"பலகை என்ன, புது மருமகளா? வீடு பழகணுமா?" என்று தலைவர் கேட்டார்.

"ஆமா மாமா. நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப ரெண்டு நாள் யார்கிட்டயும் வாயே தெறக்கல. அதுக்கப்புறம்தான் எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க."

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது சதுரத்தை ஒட்டினார். மூன்றாம் நாள் பார்த்தோம். முதல் சதுரத்தைப் போலவே வியர்த்திருந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுத்து, வேறோர் இடத்தில் மூன்றாவது. அதுவும் வியர்த்தது. அண்ணியின் முகத்தில் முதன்முறையாகக் குழப்பத்தைப் பார்த்தேன். குழாய் ஏதும் உடைந்திருக்கிறதா என்று சுவரோரம் தேடினார். கடல் பக்கம் என்பதால் மண்ணிலிருந்தே ஈரம் ஏறுகிறதோ என்று தெங்கேராவுக்குப் போய் பழைய தவுக்கேயைக் கேட்டுவந்தார். விடுமுறை முடிந்து பாலர் வகுப்பு திறக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. வேறொரு குத்தகைக்காரர் இரண்டே நாளில் முடித்துத் தருவதாகத் தலைவரிடம் சொல்லியிருந்தார். ஈரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பதே குழுவில் சிலருக்கு அவருடைய திறமையாகத் தெரிந்தது. "சனிக்கெழம வரைக்கும் பாப்போம் லா. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது," என்றார் தலைவர்.

அன்று மாலை நான் அண்ணியிடம் சொன்ன ஒரு வார்த்தைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். "போட்டுருங்க அண்ணி. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. ஒருவேள ஒண்ணும் ஆகாம போனாலும் போகலாம்." அண்ணி கையிலிருந்த ஒட்டுநாடாச் சுருளை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஊரு மூணு மாசம் பாக்கும். இந்தப் புள்ளைங்க வருசக்கணக்கா அதுல படுத்துத் தூங்கும். ஒருவேளங்கிறத நம்பி எப்படிப் போடுறது?" என்றார். படித்த நான் ஊருக்குப் பயந்தேன். இழப்பதற்கு எல்லாம் இருந்த அவர் பயப்படவில்லை.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போகும் வழியில், குழுவுக்குக் காட்டுவதற்காகச் சதுரத்தைப் படம் எடுக்கலாம் என்று மண்டபத்துக்குப் போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாசற்படியில் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மா தன்னந்தனியாகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மண்டபம் முழுவதும் தண்ணீர் பளபளத்தது. நடுவே, அந்தப் பிளாஸ்டிக் சதுரத்தைச் சுற்றி மட்டும், பழைய துணிகளைக் கயிறுபோல் முறுக்கி நான்கு பக்கமும் அணை கட்டியிருந்தார். அணைக்கு உள்ளே தாள் சொட்டு நீர் படாமல், தீவுபோல் உலர்ந்து கிடந்தது. அதைத் தோளில் கிடந்த துண்டால் வேறு ஒரு முறை துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் புள்ள இப்படி முழிக்கிற? அந்த பிளாஸ்டிக்கு மேல ஒரு சொட்டு படல, பாத்துக்க. எல்லா வாரமும் இப்படி அண கட்டித்தான் ஊத்துறேன்."

"அம்மா, அது பிளாஸ்டிக்குக்கு வச்ச பரீட்ச இல்லம்மா. தரைக்கு வச்சது," என்றேன்.

"தரைதான் மதியத்துக்குள்ள காஞ்சிருதே."

"வேணும்னே செய்றீங்களா? அண்ணி தோக்கணும்னா?" கேட்டிருக்கக்கூடாத கேள்வி. அதைக் கேட்டுவிட்டேன்.

அம்மா துண்டைத் தரையில் போட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேடையைப் பார்த்தபடி மிகத் தணிந்த குரலில் பேசினார். "ஒங்கண்ணன் விழுந்த அன்னைக்கு நீ ஆபிஸ் வேலையா கோலாலம்பூர் போயிருந்த. டாக்டரு நடக்கவே மாட்டான்னுட்டாரு. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு இந்த அம்மன்கிட்ட சொன்னேன். என் புள்ள எந்திரிச்சு நடந்தா, உசுரு உள்ள வரைக்கும் வெள்ளிக்கு வெள்ளி ஒன் தரைய என் கையால கழுவுறேன் தாயின்னு. நடக்கிறானா இல்லையா? நீ சொல்லு. குடுத்தவகிட்ட போயி, சிமெண்டு காயணும், மூணு வாரம் பொறுத்துக்கன்னு எப்படிச் சொல்ல?"

அண்ணன் வீட்டை நோக்கி நடந்த அந்தச் சிறிய தூரத்தில் நான் எண்ணிப் பார்த்தவை பல. அண்ணியிடம் சொல்லாமல் சாவியை மட்டும் வாங்கிவிடலாம். அப்படிச் செய்தால் தரை காயும், அம்மாவின் வாக்கு உடையும், அந்த வீட்டில் இருவரும் இனி எப்படி ஒரே மேசையில் சாப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. சொன்னாலோ, தன் தொழிலைக் கெடுத்தவர் மாமியார்தான் என்று அண்ணி நினைக்கக்கூடும். எந்த வழியில் போனாலும் ஒருவர் தோற்க வேண்டும் என்றுதான் என் அறிவு சொன்னது. கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அண்ணி பசியாறிக்கொண்டிருந்தார். கோப்பியில் தோய்த்த ரொட்டி கையிலேயே ஊறிக் கிண்ணத்தில் விழுந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வேண்டுதலா? அவருக்காகவா?"

"ஆமா அண்ணி."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே." சன்னல் வழியே பார்த்தார். அண்ணன் வெளியே, செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். பிறகு அண்ணி எழுந்து கையைக் கழுவி, அளவு நாடாவையும் ஒரு துண்டுச் சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அம்மா மேடையோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவருக்கு முன்னால் போய், முழங்கால் உறைகூட இல்லாமல், அந்த ஈரத்தரையிலேயே மண்டியிட்டார். தரையைப் பற்றியோ சனிக்கிழமைக் கெடுவைப் பற்றியோ பேசவில்லை.

"அத்தை, எதுவரைக்கும் கழுவினா வேண்டுதல் சேரும்?"

அம்மா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "எது வரைக்கும்னா?"

"அம்மனுக்குச் சொன்னது அவ தரையத்தானே? வாசப்படி வரைக்கும் அவ தரையா, இல்ல கும்புடுறவங்க நிக்கிற எடம் வரைக்குமா?"

அம்மா எழுந்து மேடைக்கு முன் வந்து, கைகூப்பி நிற்கும் இடத்தில் நின்று, தன் பாதங்களைப் பார்த்தார். "வெளக்கேத்தி நிக்கிற எடம். அதுதான் அவ கண்ணு படுற எடம்."

அண்ணி சாக்கட்டியால் கோடு போட்டார். "இங்கயா?"

"பக்கத்துல நாலு பேரு நிக்க வேணாமா? இன்னும் தள்ளு."

"இங்க?"

"இன்னும் ஒரு அடி."

"அத்தை, பாசார்ல மீன் வாங்குற மாதிரி இழுக்குறீங்க. அர அடி."

"சரி, அர அடி. ஆனா அதுக்குள்ள எவ்வளவு ஊத்தினாலும் நீ கேக்கக்கூடாது."

"கடலையே கொண்டாந்து ஊத்துங்க. கோட்டத் தாண்டி ஒரு சொட்டு வராது. அது என் பொறுப்பு."

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். ஈரத்தரையையும் வெள்ளைக் கோட்டையும், இருபுறமும் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்து, "என்ன, மாமியா மருமக பாகம் பிரிக்கிறீங்களா?" என்றார். விசயத்தைக் கேட்டபின் அவர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தபடி, இன்னும் மூன்று வாரம் தள்ளிப்போவதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். மறுநாள் சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, செயலாளரே பொறுப்பு என்று குறிப்பேட்டில் என் கையால் எழுதினேன். பிள்ளைகளை முதல் இரண்டு வாரம் முன்கூடத்தில் வைத்துக்கொள்ளப் பாலர் வகுப்பு ஆசிரியை ஒத்துக்கொண்டார். அண்ணிக்காக நான் அறைக்கு வெளியே போய் நின்ற நாள் உண்டு. அன்று அறைக்கு உள்ளே நின்றேன். இரண்டுமே சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அண்ணி முதலில் கட்டியது அம்மாவின் பகுதியைத்தான். மேடைக்கு முன்னிருந்த அந்தப் பட்டையில் தண்ணீர் புகாத பூச்சை இரண்டு கை பூசினார். அதன் மேல், பக்கத்துக் கதவு வழியாக வெளியே இருக்கும் வடிகாலான காணுக்குத் தண்ணீர் தானாக ஓடும்படி லேசான சரிவில் டைல்ஸ் பதித்தார். சாக்கட்டிக் கோடு இருந்த இடத்தில் ஒரு விரல் உயரத்துக்குக் கரை கட்டி, பிள்ளைகளின் கால் இடறாதபடி அதன் முனையை உருட்டி வழித்துவிட்டார். அந்த வேலை முடியும்வரை ஒரே ஒரு வெள்ளிக்கு, மேடையை மட்டும் செம்புத் தண்ணீரால் கழுவ அம்மா சம்மதித்தார். "ஒரு வாரந்தான். அவகிட்டயும் சொல்லிட்டேன்," என்றார்.

மூன்று வாரம் கழித்து, கரைக்கு இந்தப் பக்கம் மூன்று இடங்களில் ஒட்டிய மூன்று சதுரங்களும் தெளிவாக இருந்தன. அண்ணி ஒவ்வொன்றின் முன்னும் மண்டியிட்டு, விரலால் தட்டி, வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூன்றாவதில் நிமிர்ந்து, "காஞ்சிருக்கு," என்றார். அந்த ஒற்றைச் சொல்லுக்குத் தலைவர் கைதட்டினார்.

பலகை பதித்த அந்த இரண்டு நாளும் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட இருந்தேன். நீண்ட அலுமினியச் சட்டத்தைத் தரையில் வைத்து, அடியில் வெளிச்சம் தெரியும் இடங்களை அண்ணி குறித்தார். வாசலோரப் பள்ளத்தைக் கலவையால் நிரப்பினார். பிளாஸ்டிக் விரிப்பைச் சுவரில் கையகலம் ஏற்றி விரித்து, அதன் மேல் ஸ்பாஞ்சைப் பரப்பினார். சுவரோரம் சின்ன மரஆப்புகளைச் செருகி, விரல் அகல இடைவெளி விட்டு முதல் வரிசையை வைத்தார். வெயிலுக்கும் மழைக்கும் பலகை விரிந்து சுருங்க அந்த இடம் வேண்டும். கடைசியில் ஓரச்சட்டம் அதை மறைத்துவிடும். அதன் பிறகு ஒரே தாளம். பலகையைச் சாய்த்து, அதன் நாக்கை முந்தைய பலகையின் பள்ளத்தில் நுழைத்து, கீழே அழுத்தும்போது வரும் 'டக்' என்ற ஒலி. சேராத இடத்தில் கட்டையை வைத்து ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. எந்த இரண்டு வரிசையின் முனையும் ஒரே நேர்கோட்டில் வராதபடி, முதல் பலகையை வெவ்வேறு நீளத்தில் அறுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் பிற்பகல் கரையை எட்டியபோது, கடைசி வரிசை முழு அகலத்தில் வந்து நின்றது. முதல் வரிசையை வைக்கும் முன்பே அதைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார். அண்ணன் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அத்தனை வரிசையையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓரச்சட்டம் ஏறியதும் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கோலில்லாமல், வாசலிலிருந்து அம்மன் மேடை வரை அதன் மேல் நடந்தார்.

திறப்பை வெள்ளிக்கிழமையில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பெற்றோரும் பிள்ளைகளும் தாமான்காரர்களும் மண்டபம் கொள்ளாமல் நின்றார்கள். யாரோ அம்மாவின் கையில் செம்பைக் கொடுத்தார்கள். "இதென்ன, சாமிக்குச் சொட்டு மருந்தா? வாளியக் கொண்டா," என்றார். விளிம்பு வரை நிரம்பிய வாளியைத் தூக்கி, இத்தனை வருடப் பழக்கத்தின் முழு வீச்சோடு டைல்ஸில் கொட்டினார். மஞ்சள் தண்ணீர் அலையாக எழுந்து கரையை நோக்கிப் பாய்ந்தது. கரைக்கு இந்தப் பக்கம், புதுப் பலகையின் விளிம்பில், அண்ணி வெறுங்காலோடு நின்றிருந்தார். விலகவில்லை. தண்ணீர் கரையில் மோதி, மடங்கி, ஒரு நொடி தயங்கி, சரிவைக் கண்டுகொண்டு பக்கத்துக் கதவு வழியே காணுக்குள் இறங்கியது. எல்லாரும் அண்ணியின் கால்விரல்களைப் பார்த்தார்கள். அவை உலர்ந்திருந்தன.

அம்மா இன்னொரு வாளி ஊற்றினார், அதன் பிறகு மூன்றாவதும். மூன்றாவது தேவையே இல்லை. தன் மருமகளின் வேலையை ஊருக்குக் காட்டுவதற்காகவே ஊற்றினார் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் கட்டுப்பாட்டை மீறிப் பலகையில் ஓடிச் சறுக்கி விழுந்து உருண்டார்கள். தலைவரும் வேட்டியோடு படுத்து, காதைத் தரையில் வைத்து, "சில்லுன்னே இல்ல லா!" என்று கத்தினார்.

மூன்று மாதம் வாரம் தவறாமல் வந்து, ஒவ்வொரு பொருத்தையும் குதிகாலால் அழுத்திப் பார்த்தவரும் அவரேதான். மூன்று மாதம் முடிந்த நாளில் அண்ணியைத் தேடி வீட்டுக்கே வந்தார். உட்காரக்கூட இல்லை. "எங்க வீட்டு ஹாலுக்கு எப்ப வர்ற?" என்றார். அடுத்து ஆசிரியையின் வீடு, அடுத்து கடலோரத்தில் ஒரு சிறிய தங்கும் விடுதி. அந்த விடுதிக்காரருக்கு அண்ணியைப் பரிந்துரைத்தவர் தெங்கேரா தவுக்கே.

ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மண்டபத் தரை இன்றும் மட்டமாக இருக்கிறது. வாசலோரம் மழைச்சாரல் பட்டு மூன்று பலகைகள் மட்டும் உப்பின. அதற்கென்று எடுத்துவைத்திருந்த பெட்டியிலிருந்து அண்ணி மாற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் அம்மனுக்கு முன்னிருக்கும் அந்த டைல்ஸ் பட்டையைச் 'சுங்கை' என்கிறார்கள். ஆற்றைத் தாண்டுவதாகச் சொல்லிக்கொண்டு அதைத் தாவிக் கடக்கிறார்கள். பாலர் வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றாக வேண்டும் என்று அன்று காலை நான் போட்ட கணக்கை அந்தப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணி சாக்கட்டியைத் தேடியிருக்கிறார்.

சென்ற மாதம் சுங்கை ஊடாங்கில் ஒரு பெரிய மண்டபம் அண்ணிக்குக் கிடைத்தது. இப்போது அவரிடம் மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். வேனின் பக்கவாட்டில் அவர் பெயர் எழுதியிருக்கிறது. வீட்டில் சும்மா உட்கார மாட்டேன் என்று அம்மாவும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார், நானும் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, தரை காய்ந்துதானே கிடக்கிறது, ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று மலாயில் கேட்டார். அண்ணி பதில் சொல்வதற்குள் அம்மா குறுக்கே புகுந்தார்.

"பெலும், எஞ்செ, பெலும்," என்றார். இன்னும் இல்லை ஐயா, இன்னும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "மேல காஞ்சா போதுமா? உள்ள என்ன குடிச்சு வச்சிருக்குன்னு இவருக்கு என்ன தெரியும்," என்றார்.

மண்டபத்தின் நடுவே, சாம்பல் நிற ஒட்டுநாடாவால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் சதுரம் இருந்தது. அண்ணியின் முழங்கால் உறைகளை வாங்கி மாட்டிக்கொண்டு, அம்மா மெல்ல மண்டியிட்டார். ஆள்காட்டி விரலால் தாளைத் தட்டினார். வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்தார். தாளுக்கு அடியில் சிமெண்டு வெளிறிய சாம்பலாய், துளியில்லாமல் தெரிந்தது.

"காஞ்சிருக்கு," என்றார் அம்மா. "போடு மருமவளே."